பெங்களூர்ச் செம்மண்ணும் கோடை மழையும்

பெங்களூரை மலையூர் என்று யாரும் சொல்வதில்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருந்தாலும், நகரத்துக்குள் நடப்பவருக்கு அது சமவெளியாகவே படும். ஆனால் அந்த ஊர் உட்கார்ந்திருப்பது ஒரு நீர்பிரி மேட்டின் மேல். மேட்டுக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. கிழக்கே விழுவது ஹெப்பாள் பள்ளத்தாக்கின் ஏரிகள் வழியாகவும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகவும் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. இரு பக்கத்துச் சரிவும் மெல்லியதுதான். சுற்றுவட்டாரத்து ராகி நிலங்களில் நூறு அடி நடந்தால் இரண்டடியோ ஐந்தடியோ இறங்கும், அவ்வளவே. அப்படிப்பட்ட நிலத்திலிருந்துதான் மே மாதத்து மாலை மழைக்குப் பிறகு ஓடைகளில் செங்காவி நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது. அந்த நிறம் மேல்மண்ணின் நிறம்.

இவ்வளவு சாய்வு குறைந்த நிலம் எப்படி மண்ணை இழக்கிறது? மண்ணரிப்பு என்றதும் நம் மனத்தில் வருவது மலைச்சரிவும் பாய்ந்தோடும் வெள்ளமும். அதனால் தீர்வும் வெள்ளத்தைத் தடுப்பதிலேயே தொடங்குகிறது: வரப்பு, தடுப்பணை, அகழி. கடந்த எண்பது ஆண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது வேறொரு வரிசை தெரிகிறது. மண்ணைப் பெயர்த்தெடுக்கும் வேலையில் பெரும்பங்கு விழும் துளிக்கு. பெயர்ந்ததைச் சுமந்துபோவது ஓடும் நீருக்கும் சரிவுக்கும் உரிய வேலை. பெங்களூர் வட்டாரத்தில் இந்த வரிசையை மறந்ததற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே வைக்கிறேன்.

துளியைப் பற்றிய அறிவு தாமதமாகவே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஜெர்மனியில் எவால்ட் வோல்னி என்ற மண்ணியலாளர் செடிகொடியின் மூடாக்கு மண்ணை எப்படிக் காக்கிறது என்று பாத்திகள் அமைத்து அளந்தார். அதைத் தொடர்ந்தவர்கள் குறைவு. 1940களில் அமெரிக்காவில் ஜே. ஓ. லாஸ் மழைத்துளிகளின் வேகத்தை அளந்தார். அதே காலத்தில் டபிள்யூ. டி. எல்லிசன், அந்தத் துளிகள் மண்ணைச் சிதறடிப்பதையே தனி ஆய்வாக எடுத்துக்கொண்டார். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி நொடிக்கு சுமார் 4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. ஐந்து மில்லிமீட்டர் துளியோ 9 மீட்டர் வேகத்தில். எடையில் 125 மடங்கு, வேகத்தில் இரண்டு மடங்குக்கு மேல் என்பதால் பெருந்துளியின் மோதல் ஆற்றல் சிறுதுளியினுடையதைப் போல 600 மடங்கை எட்டுகிறது. தூறலும் இடிமழையும் மழைமானியில் ஒரே அளவைக் காட்டினாலும், மண்ணுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

ஓடும் நீரோடு ஒப்பிட்டால் இந்த ஆற்றலின் அளவு இன்னும் தெளிவாகும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் மழை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். விழுந்ததில் கால் பங்கு மட்டும் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நிலத்தின் மேல் ஓடுகிறது என்றும் கொள்வோம். கணக்குப் போட்டால், விழும் மழையின் இயக்க ஆற்றல் ஓடும் நீரினுடையதைப் போல 256 மடங்கு. இந்த வேறுபாட்டை நிலத்திலேயே நிறுவிக் காட்டியவர் நார்மன் ஹட்சன். அன்றைய தெற்கு ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், 1950களில் அவர் களையெடுத்து வெறுமையாக்கிய இரண்டு பாத்திகளை அருகருகே வைத்தார். ஒன்றின் மேல், தரையிலிருந்து சற்று உயரத்தில், கொசுவலையை விரித்துக் கட்டினார். இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே சரிவு. வலை நீரைத் தடுக்கவில்லை. துளியை உடைத்து மெதுவாக இறக்கியது மட்டுமே. பல ஆண்டுகள் அளந்து பார்த்ததில், திறந்த பாத்தி வலைப் பாத்தியைவிட நூறு மடங்குக்கு மேல் மண்ணை இழந்திருந்தது. மண்ணரிப்பு ஆய்வில் இதைவிட எளிமையான, இதைவிட அழுத்தமான சோதனை ஒன்றை நான் படித்ததில்லை.

பெங்களூர்ச் செம்மண்ணுக்குத் துளி இரட்டைக் கேடு செய்கிறது. ஹெப்பாளை ஒட்டிய காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரத்தில், அதாவது வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மண்ணை மண்ணியலாளர்கள் விஜயபுரா வகை என்கிறார்கள். கருங்கல் இனத்து நைஸ் பாறை சிதைந்து உருவான மண் அது. மேலே மணல் கலந்து லேசாக இருக்கும். கீழே போகப்போகக் களி கூடும். கரிமச் சத்து குறைவு. கயோலினைட் வகைக் களி என்பதால் கரிசலைப் போல விரிந்து சுருங்கித் தன்னைத் தானே பிளந்துகொள்ளும் குணம் இதற்கு இல்லை. மண் துகள்களைக் கட்டியாகப் பிடித்துவைக்கும் பசை குறைவு என்பதால் முதல் பெருந்துளிகளிலேயே கட்டிகள் உடைகின்றன. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளில் இறங்கி அடைத்துக்கொள்கின்றன. மேல்பரப்பில் ஓரிரு மில்லிமீட்டர் கனத்தில் மெழுகியதுபோல ஒரு படலம் உருவாகிறது. அதற்குக் கீழே மண் இன்னும் காய்ந்தே இருக்கலாம். ஆனாலும் நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் சரிவைப் பார்த்து ஓடத் தொடங்குகிறது.

மழை விட்டு வெயில் அடித்ததும் அந்தப் படலம் பொருக்குத் தட்டிப்போகும். விதைத்த ராகி பொருக்கைப் பிளந்து வெளியே வர முடியாமல் உள்ளேயே மடிவதை இந்தப் பகுதி உழவர்கள் நன்கு அறிவார்கள். பொருக்கை முளைப்புப் பிரச்சினையாகப் பயிரியலாளர் பார்க்கிறார், நீர் ஓட்டப் பிரச்சினையாகப் பொறியாளர் பார்க்கிறார். இரண்டும் ஒரே துளியின் வேலை என்பதால், ஒரே மருந்து இரண்டுக்கும் உதவும்.

ஓடத் தொடங்கிய நீர் முதலில் மெல்லிய படலமாகப் பரவிச் செல்லும். இது அடுக்கு அரிப்பு. கண்ணுக்கு எதுவும் தெரியாது. நீர் கூடிக் கூடிச் சிறு தடங்களைக் கீறும்போது ஓடை அரிப்பு. அவை ஆழ்ந்து உழவால் மூட முடியாத அளவுக்குப் போனால் நீர்ப்பள்ளம். நந்தி மலையில் 2021 ஆகஸ்டில் பெருமழையில் மலைச்சரிவு சரிந்து சாலையை மூடியதே, அது வேறு வகை. அங்கே ஊறிய மண் தன் எடையாலேயே வழுக்கி இறங்குகிறது. செய்தித்தாள்களில் இடம்பெறுவது அந்த வகைதான். ராகி வயலின் அடுக்கு அரிப்புக்குப் படம் எடுக்க முடியாது.

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனால் அது பத்து கன மீட்டர், எடையில் 13 முதல் 15 டன். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததை எந்த உழவரின் கண்ணும் காணாது. ஆனால் பாறை சிதைந்து ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். போகும் மண்ணும் சராசரி மண்ணல்ல. லேசான மட்கும் நுண்ணிய களியும் முதலில் மிதந்து போகின்றன. கனமான மணலும் சரளையும் தங்கிவிடுகின்றன. எனவே ஓடை நீரில் இருக்கும் மண், வயலில் மிஞ்சிய மண்ணைவிடச் சத்து மிகுந்தது. இட்ட உரத்தில் ஒரு பகுதியும் அதோடு சேர்ந்தே போகிறது.

சரிவுக்கு வருவோம். சரிவு தெறிப்பின் திசையை மாற்றுகிறது. சமதரையில் தெறிக்கும் மண் எல்லாப் பக்கமும் சமமாக விழும். பத்து சதவீதச் சரிவில் தெறித்ததில் முக்கால் பங்கு கீழ்நோக்கிப் போவதை எல்லிசன் கண்டார். அடுத்து, சரிவு கூடும்போது நீரின் வேகம் கூடுகிறது. சரிவு நீளும்போது நீரின் அளவு கூடுகிறது. இவற்றை எண்ணாக்கியவர்கள் அமெரிக்காவின் வால்டர் விஷ்மையரும் டுவைட் ஸ்மித்தும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாத்தி-ஆண்டு அளவீடுகளை வைத்து அவர்கள் அமைத்த பொது மண்ணிழப்புச் சமன்பாடு 1965இல் வெளியாகி, 1978இல் திருத்தம் பெற்றது. மழையின் அரிக்கும் திறன், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளம், சரிவின் சாய்வு, மூடாக்கு, பாதுகாப்பு வேலைகள் ஆகிய ஆறையும் பெருக்கினால் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் போகும் மண் கிடைக்கும். ஒப்பீட்டுக்கான பாத்தி 22.1 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சாய்வும் கொண்டது.

இந்தச் சமன்பாட்டின் எண்களை வைத்துப் பெங்களூரைப் பார்த்தால் ஒன்று புலப்படும். சாய்வு 2 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக உயர்ந்தால் இழப்பு ஐந்தரை மடங்காகும். ஐந்து சதவீதச் சரிவில் வயலின் நீளம் இரட்டித்தால் ஒவ்வொரு ஹெக்டேரிலும் இழப்பு 1.4 மடங்காகும். மூடாக்கின் எண்ணோ, வெறும் உழவு நிலத்துக்கு 1 என்றால் அடர்ந்த புல்தரைக்கு 0.01 அல்லது அதற்கும் கீழே. அதாவது நூறு மடங்கு வேறுபாடு. மழையை நம்மால் மாற்ற முடியாது. மண்ணின் குணம் மெதுவாகவே மாறும். சாய்வை மாற்றப் பெருஞ்செலவில் படிவயல் கட்ட வேண்டும். ஒரே பருவத்துக்குள் உழவர் கையால் மாறக்கூடியதும், மாறினால் மிகப் பெரிய வேறுபாட்டைத் தருவதும் மூடாக்கு ஒன்றுதான்.

இந்தச் சமன்பாட்டை நம் நாட்டில் பயன்படுத்தும் விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. செயற்கைக்கோள் படமும் கணினி வரைபடமும் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, ஏதோ ஓர் ஆற்றுப்படுகையை எடுத்து ஆறு எண்களையும் பெருக்கி வண்ண வரைபடம் வெளியிடும் கட்டுரைகள் குவிந்துவிட்டன. மழையின் அரிக்கும் திறன் என்பது ஒவ்வொரு மழையின் மொத்த ஆற்றலையும் அதன் மிகக் கடுமையான அரைமணி நேரத்தின் தீவிரத்தையும் பெருக்கி வருவது. அதற்குப் பதிலாக ஆண்டு மழையை ஒரு நேர்கோட்டுச் சூத்திரத்தில் போட்டு எடுத்த எண்ணைத்தான் பல கட்டுரைகள் பயன்படுத்துகின்றன. அப்போது தூறலும் இடிமழையும் ஒன்றாகிவிடுகின்றன. சமன்பாடு நீர்ப்பள்ளங்களைக் கணக்கில் கொள்வதில்லை. மேலே பெயர்ந்த மண் கீழ் வயலிலேயே தங்கிவிடுவதையும் சொல்வதில்லை. 1930களில் சோலாப்பூர், பிஜாப்பூர், ராய்ச்சூர், அன்றைய சென்னை மாகாணத்து ஹகரி ஆகிய இடங்களில் வறட்சி வேளாண்மை ஆய்வு தொடங்கியது. 1954இல் டேராடூன், பெல்லாரி, உதகமண்டலம் மண் பாதுகாப்பு ஆய்வு மையங்கள் வந்தன. இவையெல்லாம் பாத்தி வெட்டி, தொட்டி வைத்து, ஒவ்வொரு மழைக்கும் சேற்றை எடைபோட்ட இடங்கள். சலிப்பூட்டும் அந்த வேலைக்கு ஈடாக எந்த வரைபடமும் ஆகாது.

நாடு முழுவதற்கும் இரண்டு மதிப்பீடுகள் அடிக்கடி மேற்கோளாகின்றன. துருவநாராயணாவும் ராம் பாபுவும் 1983இல் சொன்னது ஆண்டுக்கு 533 கோடி டன், ஹெக்டேருக்கு 16.35 டன். சர்தாவும் ஓஜஸ்வியும் 2016இல் திருத்திச் சொன்னது 511 கோடி டன். இதில் சுமார் 34 சதவீதம் நீர்த்தேக்கங்களில் படிவதாகவும், 23 சதவீதம் நாட்டை விட்டே, பெரும்பாலும் கடலுக்குப் போவதாகவும் அவர்கள் கணித்தனர். மொத்த எண்கள் நெருங்கியிருந்தாலும், எங்கே போய்ச் சேருகிறது என்பதில் பெரிய மாற்றம் உண்டு: நீர்த்தேக்கங்களின் பங்கு 1983 மதிப்பீட்டில் 10 சதவீதமே. மண்ணரிப்பு வயலின் பிரச்சினையாக மட்டும் இல்லை, அணையின் ஆயுள் பிரச்சினையும் ஆகிவிட்டது என்பதற்கு இந்த ஒரு திருத்தம் போதும்.

இனி பெங்களூரின் மழை நாட்காட்டி. என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது இரண்டு முகடுகளாக வருகிறது. மே மாதத்தில் நூறு மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் கோடை மழை முதல் முகடு. செப்டம்பரில் இருநூறு மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்வது இரண்டாவது, பெரிய முகடு. நடுவில் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று சிறு தூறல்களோடு கடந்துவிடும். அளவில் செப்டம்பர் முந்தினாலும் வயலின் நிலையைப் பாருங்கள். ராகி பெரும்பாலும் ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் விதைபடுகிறது. செப்டம்பர் மழை வரும்போது ராகி தூர் கட்டி, இலை விரித்து, நிலத்தை ஓரளவு மூடியிருக்கும். மே மாதத்திலோ வயலில் ஒன்றும் இல்லை. அறுவடைத் தாள் மாட்டுக்குப் போய்விட்டது. மிஞ்சிய கட்டையையும் கோடையில் ஆடுமாடு மேய்ந்துவிட்டது. முதல் மழை விழுந்ததும் களையை அழிக்கவும் ஈரம் இறங்கவும் கோடை உழவு செய்கிறார்கள். மண் பொலபொலவென்று கிளறிக் கிடக்கிறது. அந்த நேரத்தில்தான் மதியம் கருத்து, மாலையில் இடியோடு, பெரிய துளிகளாக அடித்து ஊற்றும் மழை. ஆண்டிலேயே கடுமையான துளிகளும் ஆண்டிலேயே வெறுமையான மண்ணும் ஒரே மாதத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் கனமழைகளும் வருகின்றன. 2024 ஜூன் 2ஆம் தேதி ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் பெய்தது. ஜூன் மாதத்துக்கு 133 ஆண்டுகளில் இல்லாத அளவு. ஒவ்வொரு டிகிரி வெப்ப உயர்வுக்கும் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது இயற்பியல். அந்த ஈரம் கோடை இடிமழையாக இறங்கினால் மண்ணுக்கு என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

மரம் வைத்தால் போதும் என்ற எண்ணத்தையும் இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின் கீழ் கோலார், பெங்களூர் ஊரகப் பகுதிகளில் ராகி நிலங்கள் பல தைலமரத் தோப்புகளாயின. மரம் நின்றால் மண் நிற்கும் என்றுதான் பலரும் நம்பினார்கள். ஆனால் உயர்ந்த மரத்தின் இலை மழையைச் சேர்த்து, முன்னைவிடப் பெரிய துளியாக்கிச் சொட்டவிடும். ஏழெட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி ஏறக்குறைய முழு வேகத்தை அடைந்துவிடும். கீழே சருகும் புல்லும் இருந்தால் கவலையில்லை. சருகை விறகுக்குக் கூட்டிப் பெருக்கிவிட்டால் மரத்தடி மண்ணும் வெறும் மண்தான். கர்நாடக அரசு 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்தது. அதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் நிலத்தடி நீர். மண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தாலும், தரையோடு ஒட்டிய மூடாக்குக்கு உச்சிக் கிளை மாற்றாகாது.

வரப்பின் பங்கை நான் குறைத்துப் பேசவில்லை. நீளமான சரிவைத் துண்டாக்குவது வரப்புதான். ஓடும் நீரை நிறுத்தி மண்ணை இறக்கிவைக்கச் செய்வதும் அதுதான். மழை குறைந்த பகுதிகளில் சம உயர வரப்பு போதும். பெங்களூர் அளவு மழை பெய்யும் இடத்தில் மிகுநீர் தேங்கி வரப்பை உடைத்துவிடும் என்பதால், லேசான சாய்வோடு அமைத்து, நீரைப் புல் வளர்ந்த வடிகாலுக்குக் கொண்டுபோகும் சரிவு வரப்பே ஏற்றது. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. சம உயரக் கோடு நிலவுடைமை எல்லையை மதிப்பதில்லை. ஒருவர் வயலின் நடுவே குறுக்காகப் போகும். சிறு உழவர் அதை ஓரிரு ஆண்டுகளில் உழுது கரைத்துவிடுவதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கால் ஏக்கர் நிலத்தில் வரப்புக்கு இடம் விடுவது அவருக்கு உணவை விடுவதாகும்.

அதற்கு மாற்று கர்நாடகத்திலேயே இருந்தது. மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டை வட்டாரத்தில் உழவர்கள் தலைமுறைகளாக வயலின் எல்லையில் வெட்டிவேர்ப் புல்லை நெருக்கமாக நட்டுவந்தார்கள். 1980களின் நடுவில், உலக வங்கி உதவியோடு பெங்களூருக்குத் தெற்கே கப்பாள நாலா நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டம் நடந்தபோது, ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் இந்தப் புல்லைப் பரவலாக முன்வைத்தனர். இன்று பல நாடுகளில் நடப்படும் வெட்டிவேர் வேலியின் கதை இந்த மண்ணிலிருந்து போனது. வேலி நீரைத் தடுப்பதில்லை, வடிகட்டி அனுப்புகிறது. மண் அதன் பின்னால் தங்கித் தங்கிச் சில ஆண்டுகளில் தானே படியாகிறது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் வெட்டிவேரோடு உள்ளூர் நாசே புல்லையும் வரப்புகளுக்குப் பரிந்துரைக்கிறது. அதை மாடும் தின்னும் என்பது உழவருக்குக் கூடுதல் காரணம்.

நகரத்துக்குள் கதை இன்னும் கடுமையானது. 1967இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கார்டன் வோல்மன், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து ஓடைகளை வைத்து ஒரு வரிசையைக் காட்டினார். காடாக இருந்தபோது ஓடையில் வண்டல் மிகக் குறைவு, விளைநிலமானபோது கூடியது, கட்டுமானத்துக்காக நிலத்தைக் கீறித் திறந்துவைத்த சில ஆண்டுகளில் எகிறி, சிறு தளங்களில் விளைநிலக் காலத்தைப் போல நூறு மடங்கையும் தாண்டியது. நகரம் முழுதும் சிமென்ட் பூசி முடிந்தபின் வண்டல் குறைந்தது. ஆனால் கூடிய நீர் ஓடையின் கரையையே அரிக்கத் தொடங்கியது. பெங்களூரில் அந்த மூன்றாம் கட்டம் ஓய்ந்த பாடில்லை. ஒரு பக்கம் முடிய, மறுபக்கம் புதிய புறநகர் கீறப்படுகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் டி. வி. ராமச்சந்திரா குழு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்தபடி, 1973இல் நகரப் பரப்பில் 8 சதவீதமாக இருந்த கட்டடப் பகுதி பின்னர் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் கட்டடமான ஒவ்வொரு மனையும் ஒரு மழைக்காலமாவது திறந்த செம்மண்ணாகக் கிடந்திருக்கும்.

அந்த மண் ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர் வாய்க்கால்களில் இறங்கி ஏரிக்குப் போகிறது. வழியில் படிந்த பங்கு வாய்க்காலின் கொள்ளளவைத் தின்கிறது. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு 131.6 மில்லிமீட்டர் பெய்து வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர்ப் பகுதியும் மூழ்கியபோது ஆக்கிரமிப்பைப் பற்றி நிறையப் பேசினோம். அது சரிதான். வாய்க்காலுக்குள் கிடந்த மண்ணைப் பற்றிப் பேசியது குறைவு. பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் தூர்வாரும் பணி பெருஞ்செலவில் தொடங்கப்பட்டது. மேலே மனைகளில் மண் திறந்து கிடக்கும்வரை இந்தச் செலவு திரும்பத் திரும்ப வரும். அடித்தளம் தோண்டிய மண்ணை வைக்கோலாலோ தேங்காய் நார்ப் பாயாலோ மூடுவதும், மனையின் தாழ்ந்த ஓரத்தில் சேறு தங்க ஒரு குழி வெட்டுவதும் கட்டுமானச் செலவில் மிகச் சிறியவை.

மீண்டும் ராகி வயலுக்கு. இரண்டு முகடு மழையைத் தீங்காகப் பார்க்காமல் வாய்ப்பாகப் பார்த்தவர்கள் பெங்களூர் வறட்சி வேளாண்மை ஆய்வாளர்கள். மே மழையில் தட்டைப்பயற்றை விதைத்து எடுத்துவிட்டு, ஆகஸ்டில் ராகி நாற்று நடுவது அவர்கள் சோதித்த முறைகளில் ஒன்று. மே மாதத்தில் சணப்பு விதைத்து, பூப்பதற்குள் மடக்கி உழுதுவிட்டு ராகி விதைப்பது இன்னொன்று. ராகி எட்டு வரிசைக்குத் துவரை இரண்டு வரிசை வைத்து, துவரை வரிசைகளுக்கு நடுவே ஈரம் காக்கும் சால் ஒன்று எடுப்பது பருவ மழைக்கான முறை. ராகியோடு மொச்சை, ஆமணக்கு, பேயெள் என்று கலந்து சால் போடும் பழைய அக்கடி முறையும் இதே அறிவைத்தான் கொண்டிருந்தது. வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு காலத்தில், ஏதாவது ஓர் இலை நிலத்தின் மேல் இருந்துகொண்டே இருக்கும்.

இவை பரவாததற்குக் காரணங்கள் உண்மையானவை. கோடை மழை சில ஆண்டுகளில் ஏமாற்றும். விதைச் செலவு வீணாகும். கோடையில் ஊர் ஆடுமாடு திறந்து மேயும் வழக்கத்தில் ஒருவர் மட்டும் பயிர் வைத்தால் அது மிஞ்சாது. ஊர்க்கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். சணப்பு விதை மே முதல் வாரத்தில் உழவர் தொடர்பு மையத்தில் கிடைக்க வேண்டும். ஜூனில் வந்தால் பயனில்லை. நீர்ப்பிடிப்புத் திட்டங்களின் அறிக்கைகளில் இத்தனை மீட்டர் வரப்பு, இத்தனை தடுப்பணை என்ற கணக்கு உண்டு. மே மாதத்தில் எத்தனை ஹெக்டேர் நிலம் பச்சையாக இருந்தது என்று ஒரு பத்தி சேர்ப்பது கடினமல்ல. அதைக் காட்டும் செயற்கைக்கோள் படம் சில நாட்களுக்கு ஒருமுறை இலவசமாகவே கிடைக்கிறது. 2001இல் தொடங்கிய சுஜலா நீர்ப்பிடிப்புத் திட்டத்தைச் செயற்கைக்கோள் படங்கள் கொண்டு கண்காணித்த அனுபவமும் கர்நாடகத்துக்கு இருக்கிறது. அந்தப் பத்தி சேர்ந்தால், விதை எப்போது வர வேண்டும் என்பதை வட்டார அலுவலகம் ஏப்ரலிலேயே யோசிக்கத் தொடங்கும்.